கூலன்ட் குறைகிறதா? ஊற்றுவதற்கு முன் எங்கே போனது என்று பாருங்கள்

கார் வாங்கிய புதிதில் எஞ்சின் ஆயிலைப் பற்றி ஆளாளுக்குச் சொல்லித் தருவார்கள். டயர் காற்றைப் பற்றியும் சொல்வார்கள். எஞ்சினின் சூட்டை எடுத்துச் செல்லும் திரவமான கூலன்ட் என்று கேட்டால் மட்டும் "தண்ணி குறைஞ்சா ஊத்திக்கோ" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்த ஒரு வரியில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. அது வெறும் தண்ணீர் இல்லை. குறைந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடுகிற சமாச்சாரமும் இல்லை.

கூலன்ட் ஓடும் சுற்று மூடப்பட்ட ஒன்று. பெட்ரோல் எரிந்து தீர்கிறது, எஞ்சின் ஆயில்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக எரியும். கூலன்ட்டுக்கு அப்படித் தீர்ந்துபோக வழியே கிடையாது. ஆண்டுக்கணக்கில் ஓடும்போது சிறிதளவு ஆவியாகலாம், அவ்வளவுதான். அதற்கு மேல் குறைந்தால் எங்கோ வெளியே போகிறது என்று பொருள். எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள்தான் ஒருநாள் ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல் உள்ள சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) செலவில் போய் நிற்கிறார்கள்.

இங்கே சொல்வது பெட்ரோல், டீசல் கார்களுக்கு. எலெக்ட்ரிக் கார்களிலும் பேட்டரியைக் குளிர்விக்கக் கூலன்ட் உண்டு. ஆனால் அவற்றில் சிலவற்றுக்கு மின்சாரத்தை எளிதில் கடத்தாத தனி வகை தேவை. அதில் நாமாகக் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

உள்ளே நடப்பது என்ன?

சிலிண்டருக்குள் எரிபொருள் எரியும் கணத்தில் அங்குள்ள வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் சிலிண்டர் ஹெட் அலுமினியக் கலவைதான். அது உருகாமல் நிற்பதற்குக் காரணம், அந்த உலோகச் சுவருக்கு மறுபக்கம் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் திரவம். எரிபொருள் தரும் ஆற்றலில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை சக்கரத்துக்குப் போகாமல் இந்தத் திரவத்தின் வழியாகக் காற்றில் கலக்கிறது.

வாட்டர் பம்ப் கூலன்ட்டைத் தள்ளுகிறது. அது எஞ்சின் பிளாக்கிலும் ஹெட்டிலும் உள்ள பாதைகளில் ஓடிச் சூட்டை எடுத்துக்கொள்கிறது. எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்றால் தெர்மோஸ்டாட் என்ற வால்வு மூடியே இருக்கும். கூலன்ட், அதைக் காற்றில் ஆற்றும் ரேடியேட்டர் பக்கம் போகாமல், எஞ்சினுக்குள்ளும் காருக்குள் வெப்பக் காற்று தரும் ஹீட்டரிலும் மட்டும் சுற்றும். 82 முதல் 90 டிகிரிக்குள், காரைப் பொறுத்து, தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதன் பிறகுதான் ரேடியேட்டருக்கு வேலை. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று போதும். நிற்கும்போது ஃபேன் சுழல வேண்டும்.

ஆக, எஞ்சினைச் சில்லென்று வைப்பது கூலன்ட்டின் நோக்கமே இல்லை. ஏறத்தாழ 90 முதல் 105 டிகிரிக்குள் பிடித்து வைப்பதுதான் நோக்கம். அதைவிடக் குளிர்ந்து ஓடும் எஞ்சின் அதிகம் எரிபொருள் குடிக்கும், சீக்கிரம் தேயும். வண்டி ஓவர்ஹீட் ஆகிறது என்றதும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும் வைத்தியம் ஒன்று உண்டு. யாராவது அப்படிச் சொன்னால் வேறு மெக்கானிக்கைப் பாருங்கள். நோய் அங்கேயே இருக்கும், டெம்பரேச்சர் ஊசி மட்டும் கொஞ்ச நாளைக்குக் கீழே இறங்கியிருக்கும்.

இன்னொரு உதிரிப் பாகத்தையும் அறிமுகம் செய்துவிட வேண்டும்: கூலன்ட் ஊற்றும் இடத்தின் மூடி. பார்க்கச் சாதாரண மூடிதான். உள்ளே ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்கிறது. அது சுற்றுக்குள் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தத்தைத் தக்கவைக்கும். மூடியின் மேல் 0.9, 1.1, 1.4 என்பதுபோல் ஓர் எண் பொறித்திருக்கும். அதுதான் அந்த அளவு. திறந்த பாத்திரத்தில் 50:50 கூலன்ட் கலவை ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். இந்த அழுத்தத்தில் கொதிநிலை 130 டிகிரியை நெருங்கிவிடும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி என்றால் கூலன்ட் நேரத்துக்கு முன்பே கொதித்துப் பொங்கி வெளியே வழியும். மூடியை மாற்றும்போது அதே எண் உள்ளதை வாங்குங்கள். கூடுதல் எண் வாங்கினால் நல்லது என்று நினைத்தால் கூலன்ட் ஓடும் பழைய ரப்பர் குழாய், அதாவது ஹோஸ்தான் முதலில் வெடிக்கும்.

தண்ணீர் போதாதா?

பனி விழாத ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான், ஏனென்றால் சூட்டைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச எளிதில் எதுவும் இல்லை. 50:50 கலவை தண்ணீரைவிடக் குறைவாகவே சூட்டைச் சுமக்கும். இருந்தும் கலவையைத்தான் ஊற்றுகிறோம். காரணம் குளிர் மட்டும் இல்லை.

கூலன்ட்டின் அடிப்படை எத்திலீன் கிளைகால் அல்லது புரொப்பிலீன் கிளைகால் என்ற வேதிப்பொருள். அது உறைநிலையைக் கீழே இறக்கும், கொதிநிலையை மேலே ஏற்றும். எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றால் உறைநிலை ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி. வெப்ப ஊர்க்காரருக்கு இது தேவையில்லை, சரி. ஆனால் எஞ்சினுக்குள் அலுமினியம், வார்ப்பிரும்பு, சில வண்டிகளில் செம்பும் ஈயப்பற்றும் என்று பல உலோகங்கள் ஒரே திரவத்தில் மூழ்கிக் கிடக்கின்றன. வேறு வேறு உலோகங்களை ஒரே நீரில் வைத்தால் அரிப்பு வேகமெடுக்கும். அதைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் கூலன்ட்டில் சில விழுக்காடுதான் இருக்கும். உண்மையில் நாம் காசு கொடுப்பது அந்தச் சில விழுக்காட்டுக்குத்தான். குழாய்த் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சூடான பரப்பில் உப்பாகப் படியும், குளோரைடு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். அதனால்தான் கலக்கும் தண்ணீரும் டிஸ்டில்டு வாட்டராகவோ உப்பு நீக்கிய நீராகவோ இருக்க வேண்டும்.

அப்படியானால் தண்ணீரே கலக்காமல் முழுக்கக் கூலன்ட்டையே ஊற்றலாமா? கூடாது. கலக்காத எத்திலீன் கிளைகால் மைனஸ் 13 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். சூட்டையும் சரியாகச் சுமக்காது. இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்பிட்ஃபயர் விமானங்களின் மெர்லின் எஞ்சினில் முதலில் சுத்தமான கிளைகாலைத்தான் பயன்படுத்தினார்கள். பிறகு 70 பங்கு தண்ணீரும் 30 பங்கு கிளைகாலும் கலந்து அழுத்தத்தில் ஓடும் முறைக்கு மாறினார்கள். கார்களுக்கு 50:50 பொதுவான அளவு. கடுங்குளிர்ப் பகுதிகளில் 60 விழுக்காடு வரை போவார்கள், அதற்கு மேல் போவதில் பயனில்லை.

நிறம் வெறும் சாயம்

பச்சை, பிங்க், சிவப்பு, நீலம், மஞ்சள், ஊதா என்று எல்லா நிறத்திலும் கூலன்ட் கிடைக்கிறது. கலவைக்குள் என்ன இருக்கிறது என்பதை நிறம் உறுதியாகச் சொல்லாது. எந்த நிறம் எந்த வகைக்கு என்று எல்லா நிறுவனங்களும் கட்டுப்படும் விதி எதுவும் இல்லை. நிறுவனம் விருப்பப்படி சேர்க்கும் சாயம் அது, கசிவைக் கண்டுபிடிக்க உதவும், அவ்வளவே. "உள்ளே பச்சைதான் இருக்கு, நானும் பச்சைதான் வாங்கினேன்" என்பது ஒரு காரணமே ஆகாது.

வகையைத் தீர்மானிப்பது அரிப்புத் தடுப்பான்கள். பழைய ஐ.ஏ.டி. வகையில் சிலிகேட், பாஸ்பேட் போன்றவை உலோகம் முழுவதன் மேலும் ஒரு படலத்தை விரிக்கும். வேகமாக வேலை செய்யும், வேகமாகத் தீர்ந்தும் போகும். 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓ.ஏ.டி. வகையில் கரிம அமிலங்கள் அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் 5 ஆண்டு அல்லது அதற்கு மேலும் தாங்கும். இரண்டையும் கலந்த கலப்பினம் ஹெச்.ஓ.ஏ.டி. அதிலும் ஐரோப்பிய நிறுவனங்கள் சிலிகேட் சேர்த்த வகையை விரும்புகின்றன, ஜப்பானிய, கொரிய நிறுவனங்கள் சிலிகேட்டைத் தவிர்த்துப் பாஸ்பேட் சேர்க்கின்றன.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். காரோடு வந்த கையேட்டைத் திறந்து கூலன்ட் என்ற பக்கத்தைப் பாருங்கள். எந்தத் தரக்குறியீடு, மொத்தக் கொள்ளளவு எத்தனை லிட்டர், எத்தனை ஆண்டு அல்லது கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற மூன்றும் அங்கே இருக்கும். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களுக்கு ஜி12++, ஜி13 என்பதுபோல் குறியீடுகள் உண்டு. டொயோட்டா தன் பிங்க் நிறச் சூப்பர் லாங் லைஃப் கூலன்ட்டைச் சொல்லும். வாங்கும் கேனின் பின்பக்கத்தில் உங்கள் காருக்குரிய குறியீடு அச்சிட்டிருக்க வேண்டும். "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று முன்பக்கம் பெரிதாக எழுதியிருப்பதை வழியில் மாட்டிக்கொண்டால் வாங்கலாம். வீட்டில் வைத்திருக்க வாங்க மாட்டேன்.

வகைகளைக் கலந்தால் உடனே எஞ்சின் நின்றுவிடாது. அரிப்புத் தடுப்பான்கள் ஒன்றையொன்று கெடுத்து, 5 ஆண்டு தாங்க வேண்டியது ஓரிரு ஆண்டில் தீர்ந்துபோகும். சில கலவைகளில் வழவழப்பான கசடு திரண்டு ஹீட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும்.

இன்னும் ஒன்று. கேனில் ரெடிமிக்ஸ் என்றிருந்தால் ஏற்கெனவே தண்ணீர் கலந்தாயிற்று, அப்படியே ஊற்றலாம். கான்சென்ட்ரேட் என்றிருந்தால் நீங்கள் கலக்க வேண்டும். இரண்டு கேனும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

அளவு பார்க்கும் முறை

மாதம் ஒருமுறை, நெடும்பயணத்துக்கு முன் ஒருமுறை. காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் பார்ப்பதுதான் சரி. எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும்.

பானட்டைத் திறந்தால் பாதி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டேங்க் ஒன்று தெரியும். மூடியில் சூடு, ஆவி குறித்த எச்சரிக்கைப் படம் இருக்கும். பக்கத்திலேயே கண்ணாடி கழுவும் நீருக்கான டேங்கும் இருக்கும். அதன் மூடியில் கண்ணாடியும் நீர்த்தெளிப்பும் வரைந்திருக்கும். புதியவர்கள் மாற்றி ஊற்றுவது இங்கேதான். சோப்பு நீரைக் கூலன்ட் டேங்கில் ஊற்றிவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். டேங்கோடு இருக்கும்வரை எளிதில் வெளியே எடுத்துவிடலாம், சுற்றில் கலந்துவிட்டால் மொத்தத்தையும் கழுவ வேண்டும்.

டேங்கின் பக்கத்தில் மேல்கோடு, கீழ்க்கோடு இரண்டு இருக்கும். அளவு இரண்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். மூடியைத் திறக்கவே தேவையில்லை. பழைய டேங்கில் உட்புறக் கறையே கூலன்ட் மட்டம்போலத் தெரிந்து ஏமாற்றும். வண்டியை லேசாக ஆட்டிப் பாருங்கள், உண்மையான மட்டம் அசையும். மேல்கோட்டைத் தாண்டியும் நிரப்பாதீர்கள். சூட்டில் திரவம் விரிய இடம் வேண்டும்.

கார்களில் இரண்டு விதமான அமைப்பு உண்டு. ஒன்றில் டேங்கே அழுத்தத்தில் இருக்கும், அழுத்த மூடி டேங்கின் மேலேயே இருக்கும். மற்றொன்றில் ரேடியேட்டரின் மேல் தனி அழுத்த மூடி, பக்கத்தில் வெறும் சேமிப்பாக ஒரு டேங்க், இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய குழாய். இந்த இரண்டாவது வகைதான் ஏமாற்றக்கூடியது. மூடியின் வால்வு பழுதானாலோ குழாயில் வெடிப்பு விட்டாலோ, டேங்கில் அளவு சரியாகக் காட்டும், ரேடியேட்டர் பாதி காலியாக இருக்கும். அந்த வகைக் கார் என்றால் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது எப்போதாவது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்துவரை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அளவோடு தோற்றத்தையும் கவனியுங்கள். தெளிவாக, நிறம் மங்காமல் இருந்தால் நல்லது. பழுப்பாக மாறியிருந்தால் துரு. மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் எங்கோ ஆயிலும் கூலன்ட்டும் சந்திக்கின்றன, அது மெக்கானிக் பார்க்க வேண்டிய விஷயம்.

சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருப்பது 110 டிகிரியில்கூட அழுத்தத்தின் தயவில் கொதிக்காமல் அடங்கியிருக்கும் திரவம். மூடியைத் திருகிய கணத்தில் அழுத்தம் போய்விடும், கொதிநிலை சட்டென்று இறங்கும், அத்தனை திரவமும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்துக்கு நேரே பீய்ச்சும். துணியைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத் திறந்தால் பரவாயில்லை என்பதும் நம்ப வேண்டிய யோசனை இல்லை. மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்கும் சூடாக, அமுக்கினால் மெத்தென்று இருந்தால்தான் மூடியில் கை வைக்கலாம்.

கொஞ்சம் குறைந்திருக்கிறது, என்ன ஊற்றுவது?

அதே வகை ரெடிமிக்ஸ்தான் எளிய விடை. டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றலாமா என்பது, என்ன போனது என்பதைப் பொறுத்தது. ஆவியாகிப் போனது என்றால் பெரும்பாலும் தண்ணீர்தான் போயிருக்கும், கிளைகால் உள்ளேயே நிற்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு குவளைக்கும் குறைவாக டிஸ்டில்டு வாட்டர் சேர்ப்பதில் தவறில்லை. கசிந்து போனது என்றால் தண்ணீரும் கிளைகாலும் சேர்ந்தே போயிருக்கும். அப்போது தண்ணீரை மட்டும் ஊற்றினால் கணக்கு இப்படி ஆகும்: 6 லிட்டர் சுற்று, 50 விழுக்காடு கூலன்ட். 1 லிட்டர் கசிந்து, 1 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் 42 விழுக்காடு. இன்னொரு முறை அதே கதை என்றால் 35. மூன்றாம் முறை 29. டேங்கில் அளவு சரியாக இருக்கும், நிறம்கூட ஓரளவு இருக்கும், அரிப்புத் தடுப்பான் பாதியை நெருங்கிவிட்டிருக்கும்.

கலவை எவ்வளவு என்று அளக்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவி இருக்கிறது. ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் உறைநிலை தெரியும். மிதவை உள்ள ஹைட்ரோமீட்டர் இன்னும் எளிது, ஆனால் அது எத்திலீன் கிளைகாலுக்கு அளவிட்டது. புரொப்பிலீன் கிளைகாலில் தவறாகக் காட்டும்.

போனது எங்கே?

அளவு பார்த்த ஒரு மாதத்துக்குள் மட்டம் கண்ணுக்குத் தெரிய இறங்கியிருந்தால் தேட ஆரம்பித்துவிடுங்கள். டேங்கில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்தால் சந்தேகம் இருக்காது.

முதலில் வண்டிக்கு அடியில். ஏசி போட்டு ஓட்டிய பிறகு சொட்டுவது சுத்தமான தண்ணீர். நிறமோ மணமோ இருக்காது, அது இயல்பு. கூலன்ட் என்றால் சாயம் தெரியும், விரலில் வழவழக்கும், ஒருவித இனிப்பு வாடை அடிக்கும். அட்டை ஒன்றை இரவு முழுக்க அடியில் விரித்து வைத்தால் காலையில் சொட்டு விழுந்த இடம் தெரியும். வாயில் வைத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

அடுத்து ஹோஸ்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அமுக்கிப் பாருங்கள். வெடிப்பு, ஊதிப்போன இடம், நசநசப்பு எதுவும் இருக்கக் கூடாது. கிளிப் மாட்டிய இடத்தில் வெள்ளையாகவோ பச்சை, பிங்க் நிறத்திலோ காய்ந்த பொருக்கு இருந்தால் அங்கேதான் கசிவு. சூட்டில் தண்ணீர் ஆவியாகிவிட, சாயமும் உப்பும் மட்டும் மிஞ்சும். பல கசிவுகள் தரையில் சொட்டாததற்கும் இதுவே காரணம். ரேடியேட்டரில் அலுமினியப் பகுதியும் பிளாஸ்டிக் பகுதியும் சேரும் விளிம்பையும், டேங்கின் அடித்தையலையும் அதே கண்ணோடு பாருங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். உள் சீல் தேயும்போது கூலன்ட் அதன் வழியே வரட்டும் என்றே வைத்த துளை அது. அங்கே ஈரத்தடம் தொடர்ந்து தெரிந்தால் பம்ப்பை மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது. துளையை அடைப்பது தீர்வு இல்லை.

காருக்குள்ளேயே இனிப்பு வாடை, முன்பக்கக் கால்மிதிக்கு அடியில் ஈரம், துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பிசுக்காக முன்கண்ணாடியில் மூட்டம், இவை மூன்றும் ஹீட்டர் கோர், அதாவது ஹீட்டருக்குள் கூலன்ட் ஓடும் பாகம், கசிவதன் அடையாளங்கள்.

வெளியே எங்கும் ஈரமே இல்லை, ஆனால் மட்டம் இறங்குகிறது என்றால் அதுதான் கவலைக்குரியது. ஹெட் கேஸ்கட் வழியாகக் கூலன்ட் சிலிண்டருக்குள் போகலாம். எஞ்சின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே கல்லாக இறுகும் மேல் ஹோஸ், டேங்கில் விடாமல் வரும் குமிழிகள், ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் வெளிறிய கிரீம்போல மாறிய ஆயில், இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் வண்டியை ஓட்டாதீர்கள். ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெளிறிய பிசுக்கு இருந்தால் பதற வேண்டாம். குளிர்காலத்தில் குறுந்தொலைவு மட்டுமே ஓடும் வண்டிகளில் ஈரம் படிந்து அப்படி ஆவதுண்டு. டீசல் கார்களில், எஞ்சினுக்கே திரும்பிப் போகும் புகையைக் கூலன்ட்டால் ஆற்றும் இஜிஆர் கூலர் என்ற பாகமும் உள்ளுக்குள்ளேயே கசியக்கூடியது.

மெக்கானிக்கிடம் போனால் இரண்டு சோதனைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒன்று பிரஷர் டெஸ்ட்: மூடி இருக்கும் இடத்தில் கைப்பம்ப் மாட்டி, மூடியில் உள்ள எண்ணளவுக்கு அழுத்தம் ஏற்றி, ஊசி இறங்குகிறதா என்று பார்ப்பது. மற்றது, டேங்கில் எழும் ஆவியை ஒரு நீல நிறத் திரவத்தின் வழியே செலுத்துவது. எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாக மாறும். இரண்டையும் செய்யாமல் ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று சொன்னால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். கசிவை அடைக்கும் பொடி, திரவம் எல்லாம் வீடு போய்ச் சேரும்வரைக்கும்தான். அவை ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை.

மாற்றும்போது

கையேட்டில் சொன்ன ஆண்டு அல்லது கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். பல நிறுவனங்கள் தொழிற்சாலையில் ஊற்றிய முதல் கூலன்ட்டுக்கு நீண்ட காலமும் அடுத்தடுத்த மாற்றங்களுக்குக் குறைந்த காலமும் சொல்கின்றன. வண்டி ஓடாமல் நின்றாலும் தடுப்பான்கள் தீரும் என்பதால் ஆண்டுக் கணக்கை விட்டுவிடாதீர்கள்.

நீங்களே செய்வதானால்:

1. எஞ்சின் முழுக்கக் குளிரட்டும். வண்டி சமதளத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு. அடியில் போக வேண்டுமானால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் வையுங்கள். எலெக்ட்ரிக் ஃபேன் எஞ்சின் நின்ற பிறகும் தானாகச் சுழலக்கூடும், கையும் துணியும் தள்ளியே இருக்கட்டும்.

2. ஹீட்டர் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்புங்கள். சில கார்களில் அப்போதுதான் ஹீட்டர் பாதை திறக்கும்.

3. மேல் மூடியைத் திறந்துவிட்டு ரேடியேட்டரின் அடித் திருகையோ கீழ் ஹோஸையோ கழற்றிப் பெரிய தொட்டியில் பிடியுங்கள். அடித்திருகு பிளாஸ்டிக் என்றால் முறுக்கிப் பார்க்காதீர்கள், உடைந்துவிடும்.

4. வெளியே வந்ததை அளந்து பாருங்கள். இந்தப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சுற்றில் 6 லிட்டர் இருந்தால் ஒருவேளை 4 லிட்டர்தான் வரும். மீதி எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தங்கிவிடும்.

5. பழையது தெளிவாக இருந்து, அதே வகையையே ஊற்றப்போகிறீர்கள் என்றால் நேரே ரெடிமிக்ஸ் ஊற்றலாம். பழுப்பாக இருந்தாலோ வகை மாறினாலோ டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, எஞ்சினைச் சூடாகும்வரை ஓட்டி, ஆறவிட்டு, வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

6. கழுவிய பிறகு உள்ளே தங்கியிருப்பது தண்ணீர் என்பதை மறக்காதீர்கள். 6 லிட்டர் சுற்றில் 2 லிட்டர் தண்ணீர் தங்கியிருக்க, மேலே 4 லிட்டர் ரெடிமிக்ஸ் ஊற்றினால் கிடைப்பது 33 விழுக்காடுதான். அதற்குப் பதில் 3 லிட்டர் கான்சென்ட்ரேட்டை முதலில் ஊற்றி, பிறகு 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் சரியாக 50:50 வரும்.

7. மெதுவாக ஊற்றுங்கள். காற்று வெளியேறத் தனித் திருகு இருந்தால், குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை அதைத் திறந்து வையுங்கள். பிறகு கையேட்டில் சொன்னபடி எஞ்சினை ஐடிலில் ஓட்டி, ஃபேன் இரண்டு முறை சுழன்று நிற்கும்வரை காத்திருங்கள். எஞ்சின் சூடான பிறகும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வந்தால் உள்ளே காற்று அடைத்து நிற்கிறது, அதாவது ஏர் லாக் இருக்கிறது. சில புதிய கார்களில் வெற்றிடக் கருவி வைத்துத்தான் நிரப்ப முடியும். ஹைப்ரிட் கார்களில் எலெக்ட்ரிக் பம்ப்பை ஸ்கேனர் கொண்டு இயக்க வேண்டியிருக்கும். அந்த வகையை சர்வீஸ் சென்டருக்கே விட்டுவிடுங்கள்.

8. மறுநாள் காலை மட்டம் பாருங்கள். எஞ்சிய காற்று வெளியேறிக் கொஞ்சம் இறங்கியிருப்பது இயல்பு. தேதி, கிலோமீட்டர், கூலன்ட்டின் குறியீடு மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையேட்டுக்குள் வையுங்கள்.

வடித்த கூலன்ட்டைத் தொட்டியில் திறந்து வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாயும் பூனையும் நக்கும், குழந்தையும் வாயில் வைக்கும். உடலுக்குள் போனால் அது ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும், கொஞ்ச அளவே உயிரைப் பறிக்கப் போதும். யாராவது குடித்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தாலே, அறிகுறி தெரியும்வரை காத்திராமல் கேனோடு மருத்துவமனைக்குப் போங்கள். மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரம் முக்கியம். பழைய கூலன்ட்டை மண்ணிலோ மழைநீர் வடிகாலிலோ கொட்டாமல் மூடிய கேனில் ஊற்றிப் பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் பட்டறையிடம் கொடுங்கள்.

வழியில் ஊசி ஏறினால்

பல கார்களின் டெம்பரேச்சர் ஊசி, சூடு ஓரளவு கூடினாலும் குறைந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைந்திருக்கிறது. அதனால் நடுவைத் தாண்டி நகர ஆரம்பித்தாலே பொருட்படுத்துங்கள். ஊசி இல்லாத கார்களில் நீல விளக்கு எஞ்சின் குளிர்ந்திருப்பதையும் சிவப்பு விளக்கு ஓவர்ஹீட்டையும் குறிக்கும்.

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் வையுங்கள். ஹீட்டரும் ஒரு சிறு ரேடியேட்டர்தான். ஜன்னலைத் திறந்துகொண்டு ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அடுத்த ஊர்வரை போய்விடலாம் என்ற எண்ணத்தில்தான் அலுமினிய ஹெட் வளைகிறது. பானட் இடுக்கில் ஆவி வந்தால் அது அடங்கும்வரை திறக்காதீர்கள். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடும். ரேடியேட்டரின் மேல் வெளியிலிருந்து தண்ணீர் அடிப்பதும் வேண்டாம்.

ஆறிய பிறகு மட்டம் பாருங்கள். குறைந்திருந்தால், கையில் கூலன்ட் இல்லாத நிலையில், குடிநீர் ஊற்றிப் பக்கத்துப் பட்டறைவரை மெதுவாகப் போகலாம். ஊற்றியது அப்படியே கீழே ஓடினால் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். அளவு முழுக்கத் தீர்ந்திருந்தால் ஊசியை நம்பவே வேண்டாம். சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும், காற்றில் தொங்கினால் எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதுகூட ஊசி கீழே இருக்கலாம்.

மெக்கானிக்கிடம் "ஓவர்ஹீட் ஆச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். நெரிசலில் ஊர்ந்தபோது ஏறி, வேகமெடுத்ததும் இறங்கியது என்றால் அவர் முதலில் ஃபேனைப் பார்ப்பார். நெடுஞ்சாலை வேகத்தில் ஏறியது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், பம்ப் என்று போவார். சிவப்பு விளக்கு எரிந்த பிறகு எவ்வளவு நேரம் ஓட்டினீர்கள் என்பதையும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள், ஹெட்டைச் சோதிக்க வேண்டுமா என்பது அதில்தான் இருக்கிறது. குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், வடித்துவிட்டுப் புதிதாக நிரப்புவார்.